பச்சையில் கலந்த ஆரஞ்சு

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருடைய பெயர் எனக்குத் தெரியாது. பால் வண்டி, பள்ளிக்கூட பஸ், ஐஸ் பெட்டி, கிழிஞ்ச சீட்டு என்று வண்டியைச் சொன்னாலே ஆள் யாரென்று புரிந்துவிடும். இவர் ஒருவருக்குத்தான் தனியாக ஒரு பட்டப்பெயர் தேவைப்பட்டது. 'அப்படியில்ல அண்ணன்.' வைத்தது நான்தான், ஒளித்துச் சொல்ல என்ன இருக்கிறது?

அந்த மனிதருக்கு எந்தப் பேச்சும் 'அப்படியில்ல' என்றுதான் தொடங்கும். இன்றைக்கு வெயில் அதிகம் என்றால், "அப்படியில்ல தங்கச்சி, நேத்துதான் அதிகம்" என்பார். சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் எழுந்து போய் நேராக்குவார். ஒரு முறை யாரோ வழி கேட்க, நான் கையைக் காட்டி அனுப்பிவிட்டேன். இவர் தெருமுனை வரைக்கும் அந்த ஆளின் பின்னால் ஓடிப்போய், என்னைவிடக் குறுக்கான வழி ஒன்றைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். தலைக்கனம் என்று சொல்ல முடியாது. எதுவாவது கோணலாக இருந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

எங்களுடையது ரேடியேட்டர் கடை. பின்னால் என் வீட்டுக்காரர் அடைப்பெடுப்பது, ஓட்டையை ஈயத்தால் பற்றவைப்பது என்று வேலை பார்ப்பார். முன்னால் கவுன்டரில் நான். ஹோஸ், பெல்ட், எஞ்சின் சூட்டைத் தணிக்க ஊற்றுகிற கூலண்ட் டப்பா எல்லாம் என் பொறுப்பு. அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் வந்து ஒரு நாள் இந்தக் கவுன்டரில் நிற்கட்டும்.

அண்ணனுடைய வேன் ரொம்பப் பழசு. இரும்பு எஞ்சின், செம்பும் பித்தளையுமாக ஈயத்தால் பற்றவைத்த ரேடியேட்டர். அந்தக் காலத்து வேலை, கனமாக இருக்கும். அதற்கு மாதம் ஒரு முறை பச்சைக் கூலண்ட் டப்பா ஒன்று வாங்க வருவார். மற்றவர்கள் சட்டை எடுப்பதுபோல நிறம் பார்த்துக் கூலண்ட் எடுப்பார்கள். இவர் டப்பாவைத் திருப்பி, பின்னால் இருக்கும் பொடி எழுத்தை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் படிப்பார். நிறம் கம்பெனிக்காரன் இஷ்டம், உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம் என்பது அவர் கட்சி. அது சரியான கட்சிதான். நான் விற்கிற சரக்கில் பச்சை பழைய ரகம், ஈயப் பற்று வைத்த ரேடியேட்டருக்கு ஒத்துப்போகும். ஆரஞ்சு புது ரகம். அதிக நாள் உழைக்கும், அலுமினிய ரேடியேட்டருக்கு அருமையான சரக்கு, ஆனால் பழைய பற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும், பழைய ரப்பருக்கும் ஆகாது. இரண்டையும் கலக்கவே கூடாது. இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் சொல்வேன்.

அளவிலும் அவர் கறார். ஒரு குவளை கூலண்ட், ஒரு குவளை டிஸ்டில்டு வாட்டர், சரி பாதி. குழாய்த் தண்ணீர் பக்கமே போகமாட்டார், வெந்நீர்ப் பாத்திரத்தில் உப்புப் படிகிற மாதிரி எஞ்சினுக்குள்ளும் படியும் என்று. ஒரு நாள் வேண்டுமென்றே அவர் வாயைக் கிளறினேன்.

"ஏண்ணே, தண்ணியே கலக்காம முழுசாக் கூலண்டையே ஊத்தினா வண்டி இன்னும் குளுகுளுன்னு இருக்குமே?"

"அப்படியில்ல தங்கச்சி" என்று ஆரம்பித்தவர் அரை மணி நேரம் நிறுத்தவில்லை. சூட்டைச் சுமக்கிறது தண்ணீர்தான், கூலண்ட் அதற்குத் துணைதான், துணையே அதிகமாகிவிட்டால் வேலை நடக்காது என்று விரல் விட்டு விளக்கினார். எனக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் அந்த அரை மணி நேரம் அவர் முகத்தில் இருந்த மலர்ச்சிக்காகவே அடிக்கடி முட்டாள் மாதிரி ஏதாவது கேட்டு வைப்பேன். அதைவிட்டால் அவருடன் பேச ஆளில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

அவருக்கு ஒரே ஒரு தம்பி. அம்மாவும் அப்பாவும் ஒரே வருஷத்தில் போய்விட, இவருக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்கு எட்டு. அப்பா விட்டுப்போனது அந்த வேன் ஒன்றுதான். அதை ஓட்டித் தம்பியை வளர்த்தார், படிக்கவைத்தார், அவனுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே ஒரு இடத்தில் பேச்சு நடந்ததாம், அங்கே போய்ப் பெண்ணின் அப்பா கட்டியிருந்த கைக்கடிகாரம் நான்கு நிமிஷம் பின்னால் போகிறது என்று சொல்லிவிட்டு வந்தாராம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தம்பிக்குக் கல்யாணமாகி மூன்றாவது மாதம். மாமனார் பார்க்க வந்திருந்த அன்றைக்குத் தம்பி வேனைப் பின்னால் எடுத்து, கேட்டுத் தூணில் உரசிவிட்டான். அண்ணன் வாசலுக்கு வந்து பார்த்தார். மாமனாரும் புதுப்பெண்ணும் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை. "உனக்கு வண்டியும் ஓட்டத் தெரியாது, குடும்பமும் நடத்தத் தெரியாது. நீ செய்யறது எதுதான்டா சரியா இருந்திருக்கு?" என்று கேட்டுவிட்டார். நாக்கில் நரம்பில்லாமல் என்பார்களே, அப்படி.  தம்பி அடுத்த வாரமே ஊரின் மறுகோடியில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

வேன் இருவர் பெயரிலும் இருந்தது. தாய்மாமா நடுவில் நின்று ஒரு ஏற்பாடு செய்துவைத்தார். திங்கள் முதல் புதன் வரை அண்ணனுக்கு, வியாழன் முதல் சனி வரை தம்பிக்கு. ஞாயிறு வண்டிக்கு ஓய்வு. அண்ணன் சலவைக்கடையிலிருந்து லாட்ஜுகளுக்குப் படுக்கை விரிப்பு ஏற்றுவார். தம்பி மரக்கடைக்காகக் கதவு, ஜன்னல் ஏற்றுவான். புதன் சாயங்காலம் அண்ணன் ஷெட்டில் வண்டியை விட்டுப் போவார், வியாழன் காலை தம்பி வந்து எடுப்பான். இப்படி நான்கு வருஷம். ஒரே வண்டியின் ஒரே ஸ்டீரிங்கைப் பிடிக்கிற இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

அண்ணன் சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தார். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தட்டு. தம்பியின் நாட்களில் மெயின் ரோட்டுப் பக்கமே வரமாட்டார், வழியில் வேன் எதிரே வந்துவிட்டால் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாதாம். "புதன் சாயங்காலம் வண்டியை விட்டுட்டு மாடி ஏறினா, திங்கக்கிழமை சலவைக்காரர் 'எத்தனை மூட்டை'ன்னு கேக்கற வரைக்கும் என் குரல் எனக்கே கேக்காது தங்கச்சி" என்று ஒரு நாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். 

அதனால் அவருக்குத் திங்கட்கிழமைக் காலை முக்கியம். வண்டியில் உட்கார்ந்ததும் தம்பியைப் பற்றிய செய்தி எல்லாம் அதில் இருக்கும். சீட்டு முன்னால் தள்ளியிருக்கும், அவன் இவரைவிடக் குள்ளம். ரேடியோவில் வேறு ஸ்டேஷன் ஓடும். அந்த வாரம் ஏற்றியது நல்ல மரமா மட்டமான மரமா என்று பின்பக்க வாசனையிலேயே கண்டுபிடிப்பார். ஒரு திங்கட்கிழமை சீட்டுக்கு அடியில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு காலுறை கிடந்தது. தம்பிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது அப்படித்தான். அதை எடுத்து நேராக மடித்து டேஷ்போர்டில் வைத்துவிட்டு, எங்கள் கடைக்கு வந்து, ஒன்றும் வாங்காமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. அடுத்த திங்கட்கிழமை அந்தக் காலுறை அங்கே இல்லை.

போன வெயில் காலத்தில் ஒரு திங்கட்கிழமை, நான் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் வேனோடு நின்றுகொண்டிருந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த மாதிரி வியர்த்திருந்தது.

"தங்கச்சி, வண்டி கொதிக்குது."

"எப்போ கொதிச்சுது?"

"வியாழக்கிழமை ஒரு தடவை, சனிக்கிழமை ஒரு தடவை. மேம்பாலத்து மேல கதவெல்லாம் ஏத்திக்கிட்டு நின்னுடுச்சாம். நேத்து மாமா போன் பண்ணினாரு. இன்னொரு தடவை வழியில நின்னா வித்துடலாம்னு தம்பி சொல்றானாம்."

எனக்கு வாய் சும்மா இருக்காதே. "வித்துட்டா என்னண்ணே? இதைவிட நல்ல வண்டி ஆளுக்கொண்ணு கிடைக்கும். எத்தனை நாளைக்குத்தான் இதைக் கட்டிக்கிட்டு அழறது?" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வண்டி போயிட்டா அவனுக்கும் எனக்கும் நடுவுல என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.  நான் உள்ளே பார்த்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து, ரேடியேட்டருக்குக் கீழே தட்டை வைத்து, வடிகுழாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினார். கொஞ்ச நேரம் கழித்துச் சேற்று நிறத்தில் களிம்பு மாதிரி ஒன்று பொத் பொத்தென்று விழுந்தது. அதை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, அன்றைய முதல் வார்த்தையைச் சொன்னார்.

"கலந்திருக்கு."

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். "எங்கிட்ட வாங்கறது பச்சை. இதுல ஆரஞ்சு எங்கேயிருந்து வந்துச்சு?"

அண்ணன் தரையைப் பார்த்தார். 'அப்படியில்ல' என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"தம்பி ஊத்தறான்" என்றார்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"ஆறு மாசமா. ஒரு திங்கக்கிழமை மூடியைத் திறந்தேன், கழுத்தெல்லாம் ஆரஞ்சா இருந்துச்சு. அப்புறம் சீட்டுக்குப் பின்னாடி டப்பாவையே பாத்தேன்."

"பாத்துட்டு?"

"நான் பச்சையைக் கொஞ்சம் கூடுதலா ஊத்தினேன். சரியானது நெறைய இருந்தா தப்பானது அடங்கிடும்னு நெனச்சேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். கூலண்ட் பற்றி எனக்கே அரை மணி நேரம் பாடம் எடுத்த மனிதர் இவர். ஒவ்வொரு வாரமும் தம்பி ஆரஞ்சு ஊற்ற, அதன் தலையில் அண்ணன் பச்சை ஊற்ற, இரண்டும் உள்ளே சண்டை போட்டுக் கூழாகி, எஞ்சின் மூச்சடைத்து நின்றிருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கடைக்கு முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

"ஊருக்கெல்லாம் திருத்தம் சொல்றீங்களே, கூடப் பிறந்தவன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க? பேச வேணாம். 'பச்சை ஊத்து'ன்னு ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஸ்டீரிங்ல ஒட்டக் கூடாதா?"

"எழுதினேன்" என்றார். "நாலு தடவை எழுதினேன். எப்படி எழுதினாலும் நீ செய்யறது தப்புன்னுதான் வருது. அந்த வார்த்தைக்குத்தானே அவன் போனான். இனிமே அவனை ஒரு குறைகூடச் சொல்றதில்லன்னு எனக்கு நானே சத்தியம் பண்ணிக்கிட்டேன் தங்கச்சி."

அதற்கு மேல் கத்த எனக்குத் தெம்பில்லை. உள்ளே போய் மூன்று டீ போட்டுக்கொண்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு விஷயத்தை எடுத்துச் சொன்னார். வழி இரண்டு. முதல் வழி, நன்றாக அலசி, களிம்பை எல்லாம் எடுத்துவிட்டுப் பழையபடி பச்சை ஊற்றுவது. ரேடியேட்டர் நல்ல உடம்பு, இன்னும் பத்து வருஷம் வரும். ஆனால் தம்பி ஆரஞ்சை நிறுத்த வேண்டும், அதை அவனிடம் சொல்லியே ஆக வேண்டும். இரண்டாவது வழி, பழைய ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு அலுமினியத்தில் புதிது போட்டு, ஹோஸ், சீல் எல்லாவற்றையும் மாற்றுவது. இரும்பு எஞ்சினுக்கு ஆரஞ்சு பரவாயில்லை. அப்புறம் பச்சை ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது. ஒரு மாதத்துக்கான வார்த்தைகளை அன்றைக்கே செலவழித்துவிட்டார் பாவம்.

"அலுமினியம் போடுங்க" என்றார் அண்ணன், யோசிக்கவே இல்லை.

"அண்ணே, நல்லா இருக்கற ரேடியேட்டரை யாராவது கழட்டிப் போடுவாங்களா?" என்று கேட்டேன்.

"அவன் ஊத்தறது சரின்னு ஆகட்டும்."

"அப்போ நீங்க?"

"நான் ஊத்தறதை நிறுத்திக்கறேன். தப்பு அவன் பக்கம்னு யாரும் அவன்கிட்ட சொல்லக் கூடாது. சொல்லமாட்டேன்னு சொல்லு."

சொன்னேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வேறு என்ன சொல்வது?

இரண்டு நாள் வேலை நடந்தது. எஞ்சினை மூன்று முறை அலசினோம், நான்காவது முறைதான் தண்ணீர் தண்ணீராக வந்தது. புதன்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் ஆரஞ்சையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதி கலந்து ஊற்றினார். அண்ணன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மிச்சமிருந்த ஆரஞ்சு டப்பாவைத் துடைத்துச் சீட்டுக்குப் பின்னால், தம்பி வைக்கிற அதே இடத்தில் வைத்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஷெட்டில் விட்டார்.

வண்டி அதன் பிறகு கொதிக்கவில்லை. ஆனால் அண்ணனுக்குத் திங்கட்கிழமைக் காலை வெறுமையாகிவிட்டது. பானட்டைத் திறப்பது, மூடியைத் துணியால் பிடித்துத் திருகுவது, அளந்து ஊற்றுவது என்று பத்து நிமிஷ வேலை. தம்பி ஓட்டுகிற வண்டிக்கு அவர் கையால் செய்கிற ஒரே காரியம் அது. "திறந்து பாக்கறேன், சரியான அளவுல இருக்கு, மூடிடறேன்" என்றார். எங்களிடம் வாங்கவும் ஒன்றுமில்லை. இருந்தாலும் வருவார். நான் முட்டாள்தனமாக எதையாவது கேட்பேன், அவரும் பதில் சொல்வார், ஆனால் பழைய சுருதி இல்லை. தம்பியைக் காப்பாற்றிக்கொண்டதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, வேன் எங்கள் வாசலில் வந்து நின்றது. வியாழக்கிழமையா என்று நான் நிமிர்ந்து பார்த்தேன். இறங்கி வந்தவன் குள்ளமாக இருந்தான். நான்கு வருஷமாக வண்டியைத் தெரியும், இவனை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். மூக்கு மட்டும் அண்ணனுடைய மூக்கு.

"அக்கா, புது ரேடியேட்டர்ல உங்க கடை ஸ்டிக்கர் இருக்கு. இதை யாரு போடச் சொன்னது?"

"உங்க அண்ணன்தான்."

"உள்ள என்ன ஊத்தியிருக்கீங்க?"

"ஆரஞ்சு."

சந்தோஷப்படுவான் என்று பார்த்தேன். அவன் முகம் விழுந்துவிட்டது.

"ஆரஞ்சை அவரா ஊத்தச் சொன்னாரு? திட்டலையா? ஒரு வார்த்தைகூடச் சொல்லலையா?"

"எதுக்குத் திட்டணும்?" என்றேன், கொடுத்த வாக்கை நினைத்துக்கொண்டு.

"அந்த வண்டிக்குப் பச்சைதான்னு எனக்குத் தெரியாதாக்கா? எட்டு வயசுலேருந்து அவரு பக்கத்துல நின்னு டார்ச் பிடிச்சவன் நான். தப்புன்னு தெரிஞ்சேதான் ஊத்தினேன்." கவுன்டரில் இருந்த ஒரு வாஷரை எடுத்து உருட்டிக்கொண்டே பேசினான். "அவருக்குத் தப்பைப் பாத்தா தாங்காது. திங்கக்கிழமை மூடியைத் திறப்பாரு, ஆரஞ்சைப் பாப்பாரு, நேரா என் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டி, 'அறிவிருக்காடா உனக்கு'ன்னு கத்துவாருன்னு நெனச்சேன். கத்தட்டும். கத்தறதுக்காவது வருவாரில்ல? அஞ்சு வாரம், பத்து வாரம் பாத்தேன். ஒரு சீட்டுகூட இல்ல. சரி, வித்துடலாம்னு சொன்னா சண்டைக்காவது ஓடி வருவாருன்னு மாமாகிட்ட சொல்லிப் பாத்தேன். புது ரேடியேட்டரை மாட்டி அனுப்பிட்டாரு."

வாக்காவது ஒன்றாவது. நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் ஆறு மாதமாகப் பார்த்தது, பார்த்தும் வாயை மூடிக்கொண்டது, பச்சையைக் கூடுதலாக ஊற்றியது, நான்கு முறை எழுதிக் கிழித்தது, நல்ல ரேடியேட்டரைக் கழற்றிப் போட்டது, ஒன்று விடவில்லை.

அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"நீங்க நல்லவங்கக்கா. சமாதானம் பண்ணிவைக்கப் பாக்கறீங்க. ஆனா எங்க அண்ணனை உங்களுக்குத் தெரியாது. கண்ணு முன்னாடி ஒரு தப்பு நடக்குது, ஆறு மாசம் அவரு பேசாம இருந்தாரா? அவரா? அவரு பானட்டைத் திறக்கறதையே விட்டுட்டாருக்கா. என்னமோ ரிப்பேர்னு நீங்க சொல்லியிருப்பீங்க, போட்டுட்டுப் போங்கன்னு சொல்லியிருப்பாரு. என்னைக் கை கழுவி ரொம்ப நாளாச்சு. எனக்குத்தான் புரியல."

"அப்படியில்லப்பா" என்றேன். எனக்கே அழுகை வந்தது.

மரக்கடைக்காரர் வேறு ஊரில் கிளை போடுகிறாராம். அங்கே வேலை, வீடு, கடை வண்டி எல்லாம் தருகிறாராம். இத்தனை நாள் பதில் சொல்லாமல் வைத்திருந்தானாம். "அடுத்த வாரம் குடும்பத்தோட கிளம்பறேன். வண்டி அவருக்கே இருக்கட்டும்னு மாமாகிட்ட சொல்லிட்டேன்" என்றான். குழந்தை ஆணா பெண்ணா என்று வாசலில் வைத்துக் கேட்டேன். பெண் என்றான்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் நான் மனுஷியாக இல்லை. அண்ணன் அறைக்குப் போய்ப் பார்த்தேன், பூட்டியிருந்தது. தம்பி நாட்களில் ஊருக்கு வெளியே எங்கெங்கோ நடந்துகொண்டிருப்பார் என்று சலவைக்காரர் சொன்னார். அவரிடம் போனும் கிடையாது, சலவைக்கடைப் போன்தான். திங்கட்கிழமை வேன் சத்தம் கேட்டதும் கவுன்டரை விட்டு இறங்கி ஓடினேன். அவர் கதவைத் திறக்கும் முன்னாலேயே ஜன்னல் வழியாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். தம்பி வந்தது, வேண்டுமென்றே ஊற்றியது, இவர் வந்து கத்துவார் என்று மாதக் கணக்கில் காத்திருந்தது, நான் சொன்னதை நம்பாதது, ஊரை விட்டே போவது, பெண் குழந்தை என்பது, எல்லாம்.

அவர் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே கேட்டார். என்னை ஒரு இடத்திலும் மறிக்கவில்லை.

"எறங்காதீங்க" என்றேன். "வண்டியைத் திருப்புங்க. நேரா அவன் வீட்டுக்குப் போங்க. கதவைத் தட்டி நல்லா நாலு திட்டுத் திட்டுங்க. அது போதும் அவனுக்கு."

அவர் என்னைப் பார்த்தார். 

"என்னன்னு திட்டறது தங்கச்சி? இப்போ அவன் ஊத்தறது சரியாத்தானே இருக்கு."

"அப்போ சும்மா போய்ப் பாருங்க. எப்படி இருக்கேன்னு கேளுங்க. குழந்தையைத் தூக்குங்க."

"அவன்கிட்ட நான் அப்படியெல்லாம் பேசினதே இல்லையே. அவனைத் திருத்தறதைத் தவிர எனக்கு வேற பேச்சு வராது" என்றார்.

இறங்கினார். பானட்டைத் தூக்கிப் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் போய் லைட்டைப் பார்த்தார். ஒவ்வொரு டயராகக் குனிந்து காற்றைச் சோதித்தார். நான்கும் முடிந்ததும் ஸ்டெப்னியையும் இறக்கிப் பார்த்தார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. தம்பி வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தார். இரண்டாவது சுற்றும் சுற்றி வந்தார். லாட்ஜுக்குப் போக வேண்டிய விரிப்பு மூட்டைகள் உள்ளே அப்படியே கிடந்தன, நேரம் பத்தைத் தாண்டிவிட்டது. கடைசியில் பானட்டைச் சாத்திவிட்டு, அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை.

"ஒண்ணுமே தப்பா இல்ல தங்கச்சி" என்றார். "எல்லாத்தையும் சரியா வச்சிருக்கான்."